ஜார்ஜ் லான்ஸ்பரி: பாப்லர் முதல் பிரைட்டன் வரை

1930-களின் பிரிட்டனைப் பற்றிப் படிக்கும்போது ஜார்ஜ் லான்ஸ்பரி என்ற பெயர் ஒரே ஒரு காட்சியில் வந்துவிட்டுப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 1937-இல் ஹிட்லரை நேரில் பார்த்துவிட்டு, இவர் போரை விரும்பவில்லை என்று நம்பி ஊர் திரும்பிய முதியவராக மட்டுமே அவர் தெரிகிறார். அப்படிப்பட்டவர் எப்படி பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் தலைவர் ஆனார், ஏன் அந்தப் பதவி போயிற்று என்பது உங்கள் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், 1931 தேர்தலில் கட்சியின் மற்ற பெரிய தலைகள் எல்லாம் தோற்றதால் தலைமை அவரிடம் வந்தது. 1935-இல் இத்தாலி மீது தடை விதிக்கும் விஷயத்தில் கட்சியோடு ஒத்துப்போக முடியாததால் அது கையை விட்டுப் போனது. ஆனால் இந்த பதிலை வைத்துக்கொண்டு அந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது. 1937-ஐ முதலில் படித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கிப் போனால் அவர் ஏமாளியாகத்தான் தெரிவார். கிழக்கு லண்டனின் பாப்லர் நகராட்சிப் போராட்டம் நடந்த 1921-இலிருந்து தொடங்குங்கள் என்பது என் வேண்டுகோள்.

அதற்கு முந்தைய கதையைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1859-இல் சஃபோக்கில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்பாதை போடும் இடங்களில் வேலை. குடும்பம் ஊர் ஊராக மாறிக் கடைசியில் கிழக்கு லண்டனுக்கு வந்து சேர்ந்தது. 1884-இல், ஆஸ்திரேலியாவில் வேலை கொட்டிக் கிடக்கிறது என்ற விளம்பரங்களை நம்பி மனைவி பெஸ்ஸியையும் சின்னக் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு குவீன்ஸ்லாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே போனால் ஒழுங்கான வேலையே இல்லை. மாமனார் பணம் அனுப்பி அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார்கள். திரும்பியதும் அவர் செய்த முதல் பொதுவேலை, அந்தப் பொய் விளம்பரங்களை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. அப்புறம் மாமனாரின் மரம் அறுக்கும் பட்டறையில் வேலை, லிபரல் கட்சியில் தேர்தல் ஏஜென்ட், அங்கிருந்து சோஷலிசம். 1890-களில் பாப்லரின் ஏழை நிவாரண வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சிறைக்கூடம் போல நடந்துகொண்டிருந்த ஏழைகள் விடுதியை மனிதர்கள் தங்கக்கூடிய இடமாக மாற்றினார்.

1912-இல் நடந்த ஒன்றை மட்டும் விட முடியாது. அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினராகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சிறைக்குப் போனவர்களுக்கு வலுக்கட்டாயமாக உணவு புகட்டியதைப் பொறுக்காமல், அவையில் பிரதமர் அஸ்க்வித்தின் முகத்துக்கு நேரே கத்தினார். பிறகு, இந்த ஒரே பிரச்சினைக்காகத் தன் இடத்தை ராஜினாமா செய்து மறுபடி போட்டியிட்டார். கட்சி தடுத்தும் கேட்கவில்லை. 751 வாக்குகளில் தோற்றார். யாருக்காக நின்றாரோ அந்தப் பெண்களுக்கு அவருக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. அடுத்த பத்து வருடம் அவர் நாடாளுமன்றத்துக்கு வெளியே இருந்தார். மனசாட்சிக்குப் பட்டதைச் செய்வது, விலை என்னவோ அதைக் கொடுப்பது என்ற இந்தக் குணம்தான் அவரை மேலே கொண்டுபோனது, கீழே இறக்கியதும் இதுதான்.

இனி பாப்லர்.

கிழக்கு லண்டனில் தேம்ஸ் கரையில், துறைமுகத்தை ஒட்டிய நகராட்சி அது. சுமார் 1,60,000 பேர். கப்பலில் சரக்கு ஏற்றுகிறவர்கள், இறக்குகிறவர்கள், அன்றாடம் கூலி கிடைத்தால் சாப்பாடு. 1919 நவம்பரில் நடந்த நகராட்சித் தேர்தலில் மொத்தம் 42 இடங்களில் 39 தொழிற்கட்சிக்கு வந்தன. லான்ஸ்பரி பாப்லரின் முதல் தொழிற்கட்சி மேயர் ஆனார். கவுன்சிலர்களில் துறைமுகத் தொழிலாளிகள், ரயில்வே ஊழியர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். 1920-இல் நகராட்சி ஊழியர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வாரம் 4 பவுண்டு என்று வைத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே 4 பவுண்டு.

முதல் உலகப்போருக்குப் பிந்தைய பொய்ச் செழிப்பு 1920 முடிவதற்குள் வடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு பிரிட்டன் முழுவதும் வேலையில்லாதவர்கள் இருபது லட்சத்தைத் தொட்டார்கள். அன்றைய முறைப்படி, காப்பீட்டுப் பணம் கிடைக்காத வேலையில்லாதவருக்குச் சோறு போட வேண்டியது அந்தந்த வட்டாரத்தின் ஏழை நிவாரண வாரியம். அதற்குப் பணம் அந்த வட்டாரத்து வீட்டு வரியிலிருந்து வர வேண்டும். இதன் அநியாயத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏழைகள் எங்கே அதிகமோ அங்கே செலவு அதிகம். அங்கேதான் வீடுகளின் வாடகை மதிப்பு குறைவு, ஆகவே வரி வருமானமும் குறைவு. பணக்கார வெஸ்ட்மின்ஸ்டரில் வரியை ஒரு பென்னி கூட்டினால் வரும் தொகை, பாப்லரில் ஒரு பென்னி கூட்டினால் வருவதைப்போலப் பல மடங்கு. பணக்காரப் பகுதியில் வேலையில்லாதவர்களும் குறைவு. எனவே ஏழைகளே ஏழைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் நடைமுறை.

இதற்கு மேல் ஒவ்வொரு லண்டன் நகராட்சியும் வரி வசூலித்து லண்டன் மாநகர கவுன்சிலுக்கும், போலீசுக்கும், மருத்துவமனைகளை நடத்தும் வாரியத்துக்கும், தண்ணீர் வாரியத்துக்கும் பங்கு தர வேண்டும். 1921 மார்ச்சில் பாப்லர் கவுன்சில் ஒரு முடிவு எடுத்தது. எங்கள் மக்களுக்கான நிவாரணத்துக்கு மட்டும் வரி வசூலிப்போம், மேலே இருப்பவர்களுக்கான பங்கை வசூலிக்கவே மாட்டோம் என்றது. சட்டப்படி இது தவறு என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வழக்கு வந்தது. ஜூலை 29-ஆம் தேதி கவுன்சிலர்கள் பாப்லரிலிருந்து உயர் நீதிமன்றம் வரை ஐந்து மைல் நடந்தே போனார்கள். முன்னால் பேண்டு வாத்தியம், செங்கோல் ஏந்திய பணியாளர், கழுத்தில் பதவிச் சங்கிலியுடன் அப்போதைய மேயர் சாம் மார்ச். பாப்லர் கவுன்சில் நீதிமன்றத்துக்கு நடந்து போகிறது, ஒருவேளை சிறைக்கும் போகும் என்று பதாகையில் எழுதியிருந்தார்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம், நியாயம் எங்கள் பக்கம் என்பதுதான் நீதிமன்றத்தில் அவர்கள் சொன்னதன் சாரம். செப்டம்பர் முதல் வாரத்தில் 30 பேர் கைதானார்கள். 25 ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கு, 5 பெண்கள் ஹாலோவே சிறைக்கு. அந்தப் பெண்களில் நெல்லி கிரெசால் நிறைமாதக் கர்ப்பிணி. லான்ஸ்பரிக்கு வயது 62. அவருடைய மகன் எட்கரும் மருமகள் மின்னியும் கைதானவர்களில் இருந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கவுன்சிலர்கள் சிறைக்குள்ளேயே கவுன்சில் கூட்டம் நடத்தும் உரிமையைப் போராடி வாங்கினார்கள். கூட்டத்துக்காக ஹாலோவேயிலிருந்து பெண் கவுன்சிலர்களை பிரிக்ஸ்டனுக்கு அழைத்து வந்தார்கள். வெளியே கூடிய மக்களிடம் லான்ஸ்பரி ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் நின்றபடி பேசினார். பக்கத்து நகராட்சிகளான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் நாங்களும் இதே வழியில் போவோம் என்று தீர்மானம் போட்டன. ஆறு வாரத்தில் அரசு விழி பிதுங்கியது. அக்டோபர் 12-இல் எல்லாரையும் விட்டுவிட்டார்கள். அவசர அவசரமாக ஒரு சட்டம் வந்தது. ஏழை நிவாரணச் செலவின் பெரும்பகுதியை லண்டன் முழுவதும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கேட்டது கிடைத்துவிட்டது.

விலை இல்லாமல் இல்லை. மருமகள் மின்னி சிறையிலிருந்து வந்து மூன்று மாதத்துக்குள், 1922 ஜனவரி 1-ஆம் தேதி, நிமோனியாவில் இறந்தார். வயது 32. கிழக்கு லண்டனின் போ (Bow) ரோட்டில் அவர் நினைவாக வைத்த கடிகாரம் இன்றும் இருக்கிறது. வாரம் 4 பவுண்டு சம்பளத்தை 1925-இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் சட்டவிரோதம் என்று தீர்த்தார்கள். கவுன்சிலர்களை சோஷலிசத் தர்மசிந்தனையும் ஆண்–பெண் சமத்துவ ஆசையும் வழிதவறச் செய்துவிட்டன என்று ஒரு நீதிபதி தீர்ப்பிலேயே எழுதினார். தொழிற்கட்சிக்குள்ளும் எல்லாரும் கைதட்டவில்லை. ஹாக்னி மேயராக இருந்த ஹெர்பர்ட் மாரிசன், சட்டத்தை மீறினால் நாளைக்கு நம் கையில் ஆட்சியை யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். பாப்லர் வழி என்பது சிலருக்குக் கெட்ட வார்த்தை ஆயிற்று. கிழக்கு லண்டனில் மட்டும் அது கெட்ட வார்த்தை ஆகவே இல்லை.

1922-இல் போ–பிராம்லி தொகுதியில் மறுபடி ஜெயித்தார். இறக்கும்வரை அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1924-இல் ராம்சே மெக்டொனால்டு முதல் தொழிற்கட்சி அரசை அமைத்தபோது, லான்ஸ்பரிக்கு அமைச்சரவையில் இடம் தரவில்லை. மக்களை எதிர்த்து நின்ற அரசர் ஒருவர் சில நூற்றாண்டுகளுக்கு முன் தலையை இழந்தார் என்று அதற்குச் சற்று முன்புதான் மேடையில் பேசியிருந்தார். அரண்மனை அதை ரசிக்கவில்லை. அமைச்சரவைக்கு வெளியே தருவதாகச் சொன்ன போக்குவரத்துத் துறையை அவர் ஏற்கவில்லை.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று இங்கே வருகிறது. அன்னி பெசன்ட்டும் அவரும் பழைய நண்பர்கள். லான்ஸ்பரி 1914-இல் தியோசாபிகல் சொசைட்டியில் சேர்ந்தவர். அதன் தலைமையகம் நம் அடையாறு. இந்தியாவுக்குத் தன்னாட்சி தரும்படி பெசன்ட் முன்னின்று தயாரித்த இந்தியக் காமன்வெல்த் மசோதாவை 1925 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் லான்ஸ்பரிதான். முதல் வாசிப்போடு அது நின்றுபோனது. 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி, ஹோட்டலில் தங்க மாட்டேன் என்று சொல்லிக் கிழக்கு லண்டனின் கிங்ஸ்லி ஹாலில் தங்கினார் அல்லவா, அது லான்ஸ்பரியின் தொகுதிப் பக்கம். பாப்லர் கவுன்சிலர்கள் நீதிமன்றத்துக்கு நடந்து கிளம்பிய அதே வட்டாரத்தில் காந்தி விடியற்காலையில் நடந்தார். இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

1929-இல் இரண்டாவது தொழிற்கட்சி அரசில் பொதுப்பணித் துறை அமைச்சரானார். கட்டடங்களும் பூங்காக்களும் பார்க்கிற சின்னத் துறை, அங்கே இவரால் தொல்லை வராது என்று நினைத்திருப்பார்கள். அவர் லண்டன் பூங்காக்களைத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். விளையாட்டு இடங்கள், மணல் குழிகள், ஊஞ்சல்கள். ஹைட் பார்க்கின் செர்பன்டைன் ஏரியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கும் நீச்சல் கரை 1930-இல் வந்தது. ஒழுக்கம் கெட்டுவிடும் என்று கூக்குரல் எழுந்தது. கோடையில் அங்கே இன்றும் கூட்டம் இருக்கிறது.

ஆனால் வேலையின்மைதான் அந்த அரசின் உண்மையான கேள்வி. அதற்கு அரசிடம் பதில் இல்லை. 1931 ஆகஸ்டில் நிதி நெருக்கடி முற்றியபோது, வேலையில்லாதோர் உதவித்தொகையில் பத்து சதவீதம் வெட்ட வேண்டும் என்றார்கள். அமைச்சரவை 11-க்கு 9 என்று பிளந்தது. எதிர்த்த ஒன்பது பேரில் லான்ஸ்பரி ஒருவர். பாப்லரில் அவர் எதற்காகச் சிறைக்குப் போனாரோ அதே காசைத்தான் இப்போது வெட்டச் சொன்னார்கள். வேறு என்ன செய்திருப்பார்? மெக்டொனால்டு கன்சர்வேட்டிவ்களோடு சேர்ந்து தேசிய அரசு அமைத்தார். அக்டோபர் தேர்தலில் தொழிற்கட்சி நசுங்கிப்போனது. 1929-இல் 287 இடம் வைத்திருந்த கட்சிக்கு ஐம்பதையொட்டித்தான் மிஞ்சியது. அமைச்சரவையில் இருந்து கட்சியோடு நின்றவர்களில் ஜெயித்த ஒரே ஆள் லான்ஸ்பரி. கட்சித் தலைவர் ஆர்தர் ஹெண்டர்சனே தோற்றிருந்தார். ஆகவே 72 வயதில் லான்ஸ்பரி அவையில் கட்சிக்குத் தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டு ஹெண்டர்சன் விலகியதும் கட்சித் தலைவராகவே ஆனார்.

தற்செயலாக வந்த தலைமைதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நாலு வருடம் அவர் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்க வேண்டும். தலைவரே எதிரணிக்குப் போய்விட்டார், தொண்டர்கள் மனம் உடைந்து கிடக்கிறார்கள். அந்த நேரத்தில், இந்த மனிதர் நம்மை விற்கமாட்டார் என்று எல்லாரும் நம்பக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார். ஊர் ஊராகப் போனார், பேசினார், அவையில் ஒவ்வொரு நாளும் வேலையில்லாதவர்களுக்காக எழுந்து நின்றார். பக்கத்தில் இரண்டு பேர், கிளெமென்ட் அட்லியும் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸும். 1933 டிசம்பரில் ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில் விழுந்து லான்ஸ்பரியின் தொடை எலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. அந்தக் காலம் முழுவதும் அட்லி தலைமையைப் பார்த்துக்கொண்டார். அவ்வளவாக யாரும் கவனிக்காத அந்த மனிதருக்குத் தலைமைப் பழக்கம் வந்தது அப்போதுதான். 1947-இல் இந்திய விடுதலைச் சட்டத்தை நிறைவேற்றிய பிரதமர் அட்லி என்பதை நினைத்தால், அந்த எலும்பு முறிவு சின்ன விஷயம் இல்லை.

விபத்துக்கு முன்பே, அதே ஆண்டு மார்ச்சில், பெஸ்ஸி இறந்துவிட்டிருந்தார். ஏறக்குறைய 53 வருடத் திருமண வாழ்க்கை. 1935 மே மாதம் மகன் எட்கரும் போனார். இந்த எட்கரின் மகள்தான் பின்னாளில் உலகம் அறிந்த நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி.

சரி, போர் விஷயத்துக்கு வருவோம். லான்ஸ்பரி கிறிஸ்தவ அமைதிவாதி. வன்முறையால் எதுவும் தீராது என்பது அவருக்குக் கொள்கை என்பதைவிட வேதவாக்கு. 1933 அக்டோபரில் கிழக்கு ஃபுல்ஹாம் இடைத்தேர்தலுக்கு அவர் அனுப்பிய செய்தியில், ஆள் சேர்ப்பு நிலையங்களையெல்லாம் மூடிவிடுவேன், ராணுவத்தைக் கலைப்பேன், விமானப்படையின் ஆயுதங்களைக் களைவேன் என்று எழுதினார். முதல் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறை அது. சுமார் 14,500 வாக்கு வித்தியாசத்தில் கன்சர்வேட்டிவ்கள் வைத்திருந்த இடத்தைத் தொழிற்கட்சி 4,840 வித்தியாசத்தில் பறித்தது. வீட்டு வாடகையும் வேலையின்மையும் அதற்குக் காரணங்கள்தான். ஆனாலும் மக்கள் தன் பக்கம் என்று லான்ஸ்பரி நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

1935 கோடையில் முசோலினி எத்தியோப்பியாவை விழுங்கத் தயாரானார். சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) இத்தாலி மீது தடை விதிக்க வேண்டும், தேவைப்பட்டால் படைபலத்தோடும் நிற்க வேண்டும் என்பது தொழிற்கட்சியின், தொழிற்சங்கங்களின் நிலை. தலைவருக்கோ படை என்ற சொல்லே ஆகாது. பல முறை விலகப் பார்த்தார், சக உறுப்பினர்கள் விடவில்லை. இரண்டு மனதாக அவர் தலைமையில் நீடித்ததுதான் தவறு என்பது என் கருத்து. 1912-இல் செய்ததைப்போல முன்பே விலகியிருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

அக்டோபர் 1, பிரைட்டன் மாநாடு. லான்ஸ்பரி எழுந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வாளை எடுப்பவர் வாளால் மடிவார் என்ற தன் நம்பிக்கையைச் சொன்னார். நான் சொல்வது தவறென்றால் வேறு தலைவரைத் தேடிக்கொள்ளுங்கள் என்றார். அடுத்து போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் எர்னஸ்ட் பெவின். என்ன செய்வது என்று கேட்டு உங்கள் மனசாட்சியை ஒவ்வொரு அமைப்பாகத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள், கட்சியை முடியாத நிலையில் நிறுத்திவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பதில் சொல்லப்போன லான்ஸ்பரிக்கு மைக் கிடைக்கவில்லை. வாக்கெடுப்பில் தடைக்கு ஆதரவாக 21,68,000, எதிராக 1,02,000. சங்கங்கள் தங்கள் உறுப்பினர் எண்ணிக்கை முழுவதையும் மொத்தமாகப் போடும் முறை என்பதால் எண்கள் இப்படி லட்சத்தில் வருகின்றன. இரண்டு நாளில் இத்தாலியப் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. அக்டோபர் 8-இல் லான்ஸ்பரி விலகினார். அட்லி வந்தார். நவம்பர் தேர்தலில் கட்சிக்கு 154 இடங்கள்.

பெவின் பேசிய விதம் எனக்கு இன்றும் கசக்கிறது. மனைவியையும் மகனையும் இழந்த 76 வயதுக்காரரிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஆனால் விஷயத்தில் பெவின் சொன்னதுதான் சரி. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் தொழிற்சங்கங்களை முதலில் அழித்தது யார் என்று அவர் கேட்டதற்கு லான்ஸ்பரியிடம் பதில் இல்லை. பாப்லரில் முப்பது பேர் சிறைக்குப் போனபோது அரசு கூச்சப்பட்டது. கர்ப்பிணியைச் சிறையில் வைத்திருப்பது அதற்கு அவமானமாக இருந்தது, பத்திரிகைகள் கேட்டன, பக்கத்து நகராட்சிகள் எழுந்தன. தானே வலியை ஏற்றுக்கொண்டு எதிராளியை வெட்கப்பட வைக்கும் அந்த வழிக்கு, வெட்கப்படக்கூடிய எதிராளி வேண்டும். ரோமிலும் பெர்லினிலும் இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. லான்ஸ்பரி கடைசிவரை அதை நம்ப மறுத்தார்.

நீங்கள் கேட்ட 1937-க்கு இப்போது வரலாம். ஏப்ரலில் பெர்லினில் ஹிட்லரையும், ஜூலையில் ரோமில் முசோலினியையும் சந்தித்தார். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கா போய் ரூஸ்வெல்ட்டையும் பார்த்திருந்தார். எல்லாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து கச்சாப் பொருள், சந்தை, எல்லை எல்லாவற்றையும் பேசித் தீர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ரூஸ்வெல்ட் கூட்டினால் வருகிறேன் என்று ஹிட்லர் சொன்னதை அப்படியே நம்பினார். மற்றவர்கள் தள்ளிவிட்டால் ஒழிய அவர் போருக்குப் போகமாட்டார் என்று சொல்லிக்கொண்டு திரும்பினார். பெரிய தவறு. அந்த நேரத்தில் முகாம்களில் அடைபட்டிருந்த ஜெர்மன் சோஷலிஸ்டுகளின் பக்கமிருந்து பார்த்தால் வலிக்கிற தவறு. ஆனால் அதில் அச்சமும் இல்லை, சொந்த லாபமும் இல்லை, அந்த ஆட்சிகளின் மீது மோகமும் இல்லை. பாசிசத்தைப் பார்த்து மயங்கிய மேல்தட்டுப் பிரிட்டிஷ்காரர்களோடு அவரை ஒரே வரியில் வைக்கிறவர்கள் அநியாயம் செய்கிறார்கள்.

1939 செப்டம்பர் 3, போர் அறிவித்த காலையில் அவர் அவையில் எழுந்து, நானும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நண்பர்களும் நின்ற லட்சியம் இன்று அழிந்துபோவதுபோலத் தெரிகிறது என்றார். ஆனாலும் படைபலம் எதையும் தீர்த்ததில்லை, தீர்க்கவும் செய்யாது என்று சேர்த்துக்கொண்டார். அவையில் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை.

1940 மே 7-ஆம் தேதி புற்றுநோயில் இறந்தார். நார்வேத் தோல்வி பற்றிய விவாதம் நாடாளுமன்றத்தில் தொடங்கியது அன்றுதான். மூன்று நாளில் சேம்பர்லின் போய் சர்ச்சில் பிரதமரானார். அட்லி, பெவின், மாரிசன் மூவரும் அந்தப் போர்க்கால அரசில் அமைச்சர்கள். லான்ஸ்பரி வருடக்கணக்காக வாழ்ந்த 39, போ ரோடு வீடு பின்னர் குண்டுவீச்சில் போயிற்று. பாப்லரில் இடிபாடுகள் மேல் கட்டி 1951-இல் திறந்த குடியிருப்புக்கு அவர் பெயரை வைத்தார்கள். தன் சாம்பலைக் கடலில் கரைக்கும்படி உயிலில் எழுதியிருந்தார். இங்கிலாந்தை நேசிக்கிறேன், ஆனாலும் நான் எல்லா நாட்டுக்கும் உரியவன் என்று அதற்குக் காரணமும் சொல்லியிருந்தார். அப்படியே கடலில்தான் கரைத்தார்கள்.